பெங்களூரில் சமையலறையைப் புதுப்பிக்கிறோம். சுற்றுச்சூழலைக் கெடுக்காத மேடைக்கல் எது?

பழைய கிரானைட் மேடை உடையாமல் இருந்தால் அதைப் பெயர்க்காதீர்கள். மெருகேற்றினாலே புதிதாகிவிடும். மாற்றியே ஆகவேண்டுமென்றால், பெங்களூரை அடுத்த ஜிகணிப் பக்கக் கிரானைட் பட்டறைகளில் பெரிய பலகை அறுத்து மிஞ்சிய துண்டுகளைக் கேளுங்கள். சிறிய மேடைக்கு அவையே போதும்.

குவார்ட்ஸ் என்று விற்பது கல்தூளைப் பிசினில் இறுக்கிய பலகை. எனக்கு அதில் விருப்பமில்லை. அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி தொழிலாளியின் நுரையீரலை அரிக்கிறது; ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் இந்தப் பலகையைத் தடையே செய்துவிட்டது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, ஆனால் குறைவு. எதுவானாலும் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள்.

கடப்பா? மலிவுதான், ஆனால் சுண்ணாம்புக் கல். புளியும் எலுமிச்சையும் பட்டால் வெளுக்கும்; தினமும் ரசம் வைக்கும் வீட்டில் மேடைக்கு வேண்டாம், அலமாரித் தட்டுக்குப் போடுங்கள்.