கப்பல் மேசை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மாதிரிக் கப்பல் கட்ட வேண்டும் என்று வெகு நாளாக ஆசை. முதல் கப்பலே 'விக்டரி'யாக இருக்கட்டும் என்று கிட் (பாகங்களும் வரைபடமும் அடங்கிய பெட்டி) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். தொடங்கலாமா?

பதில்: ஆசை அப்படியே இருக்கட்டும், கிட்டை மட்டும் இப்போது வாங்க வேண்டாம். 1765-இல் நீரில் இறங்கிய அந்த பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்கு மூன்று பாய்மரம், 104 பீரங்கி. மேல்தளத்தில் கண்ணுக்குத் தெரிகிற ஒவ்வொரு பீரங்கிக்கும் ஒரு வண்டி, நான்கு சக்கரம், சுடும்போது பின்னால் பாயாமல் பிடித்து நிறுத்தும் தடித்த கயிறு, இரண்டு பக்கமும் கப்பி என்று செய்து முடிப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். மற்ற வேலையெல்லாம் அப்புறம்தான். ஒற்றைப் பாய்மர மீன்பிடிப் படகு ஒன்றை எடுங்கள், அதையும் 1:24 (நிஜ நீளத்தில் 24-இல் ஒரு பங்கு) மாதிரிப் பெரிய அளவில் எடுங்கள். உறுப்புகள் குறைவு, ஒவ்வொன்றும் விரலில் பிடிக்கிற பருமனில் இருக்கும், அது எதற்காக அங்கே இருக்கிறது என்பதும் செய்யும்போதே புரிந்துவிடும். இந்தப் புரிதல் வந்தவருக்கு விக்டரி கஷ்டமே இல்லை, நேரம்தான் பிடிக்கும்.

கேள்வி: 1:48, 1:64, 1:96 என்று ஏன் இப்படி விசித்திரமான எண்கள்? நேராக 1:50, 1:100 என்று வைத்தால் என்ன?

பதில்: பழைய வரைபடங்கள் அடி, அங்குலத்தில் போடப்பட்டவை. ஒரு அடிக்குக் கால் அங்குலம் என்றால் 1:48, அரைக்கால் அங்குலம் என்றால் 1:96, அவ்வளவுதான். 1:50-இல் கட்டுவதிலும் தவறில்லை. எண்ணைவிட உங்கள் அலமாரியின் நீளத்தை முதலில் பாருங்கள். 1869-இல் கட்டிய 'கட்டி சார்க்' என்ற பாய்மரக் கப்பலின் உடல் மட்டும் ஏறக்குறைய 65 மீட்டர். 1:96-இல் அது 68 செ.மீ., 1:48-இல் 1.35 மீட்டர். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்துக்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் இன்னும் இடம் வேண்டும்.

கேள்வி: பலகை ஒட்டும்போது நடுவில் அழகாக உட்காருகிறது, அணியத்துக்கு (முன்முனைக்கு) வந்ததும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது. ஊறவைத்தும் பார்த்துவிட்டேன், கேட்க மாட்டேன் என்கிறது.

பதில்: மரத்தின்மேல் குற்றமில்லை. ஒரு தாள் நாடாவை எடுத்து நடுச் சட்டத்தின்மேல் மேல்விளிம்பிலிருந்து ஏராக்கட்டை (கப்பலின் அடிமரம்) வரை படியவைத்து அளந்து பாருங்கள், பிறகு அதேபோல் முன்பக்கத்திலும் அளந்து பாருங்கள். நடுவில் 120 மி.மீ. சுற்றளவு இருந்தால் முன்னால் 70 மி.மீ.தான் இருக்கும். 5 மி.மீ. அகலப் பலகை நடுவில் 24 பிடிக்கும். அதே 24 பலகையும் முன்னால் போய்ச் சேர வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் அங்கே 3 மி.மீ.க்குள் குறுகியாக வேண்டும், வேறு வழியே கிடையாது. தண்ணீரில் ஊறவைத்தால் பலகை வளையும், குறுகாது. ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு பலகையையும் நடுவிலிருந்து முனை நோக்கிச் சிறிய இழைப்புளியால் சீவிக் குறுக்குங்கள். பாதி அகலத்துக்குக் கீழே மட்டும் போக வேண்டாம். அதற்கும் கீழே போக வேண்டிவந்தால் இரண்டு பலகைகளை ஒன்றாக முடித்துவிடுவதுதான் மெய்யான கப்பல் தச்சர்களும் செய்தது. பின்பக்கத்தில் கதை தலைகீழ், அங்கே இடம் மிஞ்சும், ஆப்பு வடிவத் துண்டு ஒன்றைச் செருக வேண்டியிருக்கும். இடப்பக்கம் ஒரு பலகை, வலப்பக்கம் ஒரு பலகை என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள், ஒரே பக்கமாக ஏற்றிக்கொண்டே போனால் முதுகெலும்பு முறுக்கிக்கொள்ளும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: குறுக்குச் சட்டங்களின் விளிம்பை உப்புத்தாளால் சாய்வாகத் தேய்த்து, ஒரு மெல்லிய பட்டையை மேலே வைத்தால் எல்லாச் சட்டத்தையும் முழுதாகத் தொடுகிறதா என்று பார்ப்பது. இதைச் செய்யாமல் போட்ட பலகை எதுவும் ஒழுங்காக நிற்காது.

கேள்வி: கிட்டில் வந்த நூல் கயிறு மாதிரியே தெரியவில்லை. என்ன தடிமன், என்ன நிறம் போடுவது?

பதில்: பழைய பட்டியல்களில் கயிற்றின் அளவு என்று போட்டிருப்பது அதன் சுற்றளவு, குறுக்களவு அல்ல. 9 அங்குலக் கயிறு என்றால் குறுக்களவு 73 மி.மீ. வரும், 1:64-இல் அது 1.1 மி.மீ. அந்த 9 அங்குலத்தையே குறுக்களவு என்று எடுத்துக்கொண்டால் மூன்றரை மி.மீ. நூலைத் தேட வேண்டிவரும்!

நிறத்துக்கு ஒரே கேள்வி: அந்தக் கயிறு நகருமா, நகராதா? பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் கயிறுகள் வெயிலிலும் மழையிலும் அங்கேயே கிடப்பவை, தார் பூசியவை, ஆகவே கரும்பழுப்பு. பாயை ஏற்றவும் இறக்கவும் இழுப்பவை கப்பிக்குள் ஓட வேண்டும், அவை சணலின் இயல்பான வெளிர் நிறம். முழுக் கறுப்பு எங்கும் வேண்டாம், அந்தச் சிறிய அளவில் அது கண்ணை உறுத்தும்.

மாலுமிகள் ஏறும் ஏணிக்கயிறுகளில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நிஜத்தில் படிக்குப் படி 13 முதல் 15 அங்குலம், 1:64-இல் ஏறத்தாழ 6 மி.மீ. கோடு போட்ட அட்டையைப் பின்னால் வைத்துக்கொண்டு கட்டுங்கள். முடிச்சை இறுக்கும்போது இரு ஓரக் கயிறுகளும் உள்ளே இழுபடும், கொஞ்சம் கட்டியதும் எட்ட நின்று பார்த்தால் இடுப்பு ஒடுங்கினாற்போல் தெரியும். அப்படித் தெரிந்தால் தயங்காமல் அறுத்துவிட்டுத் தளர்வாகக் கட்டுங்கள்.

கேள்வி: ரிமோட்டில் ஓடும் இழுவைப் படகு, 1:32. தண்ணீரில் விட்டால் பொம்மை மாதிரித் துள்ளுகிறது.

பதில்: எடை போதவில்லை, வேகம் அதிகம். நீளம் 32-இல் ஒரு பங்கு என்றால் எடை 32768-இல் ஒரு பங்கு. 300 டன் படகுக்கு உங்கள் மாதிரி 9 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். மேல்தளத்தை மூடுவதற்கு முன் தொட்டியில் மிதக்கவிட்டு, நீர்க்கோடு சரியாக வரும்வரை ஈயத்தை அடியில், எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழ வையுங்கள். வேகத்துக்கு அளவின் வர்க்கமூலம் கணக்கு: 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) போகிற படகு மாதிரியில் 2 நாட்டுக்குச் சற்று மேல், அதாவது நாம் நிதானமாக நடக்கிற வேகம். அந்த வேகத்தில்தான் முன்னால் எழும் அலையும் நிஜ அலையாகத் தெரியும்.

கேள்வி: பழைய கப்பலின் வண்ணம் எது என்று எப்படி முடிவுசெய்வது?

பதில்: பொறுமையாக. 1628-இல் முதல் பயணத்திலேயே மூழ்கி 1961-இல் மேலே எடுக்கப்பட்ட ஸ்வீடனின் 'வாசா'வின் சிற்பங்களுக்குப் பின்னணி நீலம் என்றுதான் நீண்ட காலம் நம்பினார்கள். மரத்தில் ஒட்டியிருந்த வண்ணத் துகள்களை ஆராய்ந்த பிறகு அது சிவப்பு என்று தெரிந்தது. கப்பலே கையில் இருந்தும் இந்த நிலை. கிட் பெட்டியின் மேல்படத்தை ஆதாரமாக எடுக்காதீர்கள்.

கேள்வி: நான் கட்ட நினைக்கும் மரப் படகுக்கு வரைபடமே இல்லை. கண் அளவிலேயே கட்டியிருக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். விக்டரிக்கு ஆயிரம் மாதிரி இருந்தாலும் ஒன்றும் கூடிவிடப் போவதில்லை, இந்தப் படகுக்கு நீங்கள் எடுக்கும் அளவுதான் ஒரே பதிவாக இருந்துவிடக்கூடும். உழைக்கும் படகுகள் பழுதானால் உடைக்கப்படும், யாரும் அருங்காட்சியகத்தில் வைக்கப் போவதில்லை. அது கரையில் நிற்கும்போதே போய்விடுங்கள். உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, நடுக்கோட்டில் முன்முனையிலிருந்து பின்முனைவரை ஒரு கயிற்றை மட்டமாகக் கட்டி, அரை மீட்டருக்கு ஒரு குறி போடுங்கள். ஒவ்வொரு குறிக்கும் நேராக, படகுக்கு வெளியே தூக்குக்குண்டு தொங்கவிட்டு, அந்த நூலிலிருந்து பலகைவரை உள்ள தூரத்தை மேலிருந்து கீழாக ஆறேழு உயரங்களில் அளந்து எழுதுங்கள். நடுக்கோட்டிலிருந்து நூல் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதையும் எழுத வேண்டும், அது விட்டுப்போனால் மற்ற எண்கள் எதற்கும் உதவாது. புள்ளிகளை வரைதாளில் சேர்த்தால் குறுக்கு வெட்டுத் தோற்றம் கிடைத்துவிடும். பலகையின் கனம், வங்குகளின் (உள்ளே விலா எலும்புபோல் நிற்கும் மரங்களின்) இடைவெளி, வலை உரசி வண்ணம் தேய்ந்த இடம் எல்லாம் படத்தோடு வேண்டும், படத்தில் ஒரு அளவுகோல் தெரியும்படி பிடியுங்கள். கட்டிய தச்சர் இருந்தால் அவரிடம் எந்த உறுப்பை முதலில் வைத்தார் என்று கேட்டு, அதே வரிசையில் மாதிரியையும் கட்டுங்கள்.