வேத்துமுகம் பார்க்கும் மகள்

(வாசகர் கேள்விகளுக்குக் குழந்தைகள் நல மருத்துவரின் பதில்கள்)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அழுகையைப் பற்றித்தான். நான்கு கடிதங்களை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: மகனுக்கு இரண்டு மாதம் முடியப்போகிறது. சாயங்காலம் ஆறு மணி ஆனால் ஒரே அழுகை. தோளில் போட்டால் நிறுத்திவிடுகிறான். "இப்படியே தூக்கி வைத்திருந்தால் கைப்பழக்கம் ஆகிவிடும், அப்புறம் கீழேயே விட முடியாது" என்கிறார் அத்தை. நிஜமா?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: தூக்குங்கள். இரண்டு மாதக் குழந்தைக்கு உங்களை ஏய்க்கத் தெரியாது. பிறந்து இரண்டு வாரத்திலிருந்து அழுகை கூடிக்கொண்டே போகும், ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்கு வரும், மூன்று நான்கு மாதத்தில் தானாகத் தணியும். கனடாவின் மான்ட்ரியலில் நடந்து 1986-ல் வெளியான ஓர் ஆய்வில், மூன்றாவது வாரத்திலிருந்தே வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் தூக்கி வைத்திருந்த குழந்தைகள், ஆறாவது வாரத்தில் மற்றக் குழந்தைகளைவிட 43 சதவீதம் குறைவாக அழுதன. அத்தையிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள். கேட்கமாட்டார், இருந்தாலும் சொல்லி வையுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிறந்த புதிதில் தூக்கத்தில் சிரித்திருப்பான், "நரி பூ காட்டுது" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது உங்களுக்கான சிரிப்பு இல்லை. பச்சைக் குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மார்புக்கும் உங்கள் முகத்துக்கும் உள்ள தூரம்தான் அது. இத்தனை நாளும் அந்த முகத்தைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறான். இப்போது பால் குடிக்கும்போது காம்பை விட்டுவிட்டு, வாயோரம் பால் வழிய, உங்கள் கண்ணைப் பார்த்து ஒரு சிரிப்பு வரும். அது உங்களுக்கானது. (காய்ச்சல், தொடர் வாந்தி, பால் குடிக்க மறுப்பது இருந்தால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.)

கேள்வி: துபாயில் வேலை. மகள் பிறந்தபோது லீவு கிடைக்கவில்லை. அவளுக்கு எட்டரை மாதம் ஆன பிறகுதான் வர முடிந்தது. 30 நாள் லீவு. தினமும் வீடியோ காலில் சிரித்துக் கையை ஆட்டியவள், நேரில் தூக்கியதும் வீல் என்று கத்தினாள். இன்று ஆறாம் நாள். வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.
- ஒரு தந்தை, அறந்தாங்கி

பதில்: தம்பி, இதழ் அச்சாகி வருவதற்குள் உங்கள் லீவு தீர்ந்துவிடும் என்பதால் இதை முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். மற்ற அப்பாக்களுக்காக இங்கே மறுபடி.

உங்கள் மகள் வேத்துமுகம் பார்க்கிறாள். மூன்று மாதக் குழந்தை யார் கைக்கும் போகும். ஆறேழு மாதத்தில் 'இவர்கள் என் ஆட்கள்' என்ற கணக்கு அதன் மனதில் ஏறத் தொடங்கும். பசித்தபோது வந்தது யார், ராத்திரி தோளில் போட்டுத் தட்டியது யார் என்று பார்த்துப் பார்த்துப் போட்ட கணக்கு அது. எட்டு, ஒன்பது மாதத்தில் அந்தக் கணக்கில் இல்லாத முகம் கிட்டே வந்தால் அழும். போனில் நீங்கள் உள்ளங்கை அளவு, வாசனை கிடையாது, மீசை குத்தாது. நேரில் வந்தவரோ ஆறடி ஆள், கனத்த குரல், புது சென்ட். அவள் அழாமல் என்ன செய்வாள்?

உங்கள் சங்கடம் எனக்கும் தெரியும். மேற்படிப்புக்குச் சென்னைக்குப் போனபோது, என் மகளைப் பாளையங்கோட்டையில் அம்மாவிடம் விட்டுப் போனேன். இரண்டு மாதம் கழித்து நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, குளிக்காமல்கூட ஓடிப்போய்க் கையை நீட்டினேன். பத்து மாதக் குழந்தை பாட்டியின் புடவைத் தலைப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. முந்தின வாரம்தான் இதே பாடத்தைப் பரீட்சைக்குப் படித்திருந்தேன். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

சரி, இனி செய்ய வேண்டியது. தூக்காதீர்கள். தரையில் மனைவிக்குப் பக்கத்தில் உட்காருங்கள், குழந்தையை உற்றுப் பார்க்காதீர்கள். மனைவியோடு சிரித்துப் பேசுங்கள். என்னிடம் எட்டு மாதக் குழந்தை வந்தால் முதல் இரண்டு நிமிடம் அம்மாவோடு மட்டும்தான் பேசுவேன். ஸ்டெதஸ்கோப்பை முதலில் அம்மாவின் கையில் வைத்துக் காட்டுவேன். குழந்தை என்னை ஒரு முறை பார்க்கும், உடனே அம்மா முகத்தைப் பார்க்கும். அங்கே சிரிப்பு இருந்தால் நான் பரவாயில்லாத ஆள். 1950-களில் உகாண்டாவில் கம்பாலா பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்த் தாயையும் பிள்ளையையும் கவனித்த உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த்தும் இப்படி ஒன்றை எழுதியிருக்கிறார்: குழந்தை தாயை விட்டுத் தவழ்ந்து போகும், சுற்றிப் பார்க்கும், மறுபடி தாயிடம் வந்து ஒட்டிக்கொள்ளும். உங்கள் மகளும் அப்படித்தான் உங்கள் பக்கம் வருவாள். பாதி வழியில் திரும்பிப் போனாலும் விட்டுவிடுங்கள்.

பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் இருக்கட்டும். தட்டுங்கள். அவள் கேட்டால் கொடுங்கள். கீழே போடுவாள், எடுத்துக் கொடுங்கள், மறுபடி போடுவாள். இருபது முறை போடுவாள். நீங்கள் இருபது முறையும் எடுத்துக் கொடுக்கிறீர்களா என்றுதான் அவள் பார்க்கிறாள். இதற்கு நடுவில் யாராவது அவளைப் பிடுங்கி உங்கள் மடியில் உட்காரவைத்தால் எல்லாம் போச்சு, திரும்ப முதலிலிருந்து. வீட்டில் சிரிக்கிறவர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

மடிக்கு வந்த பிறகு உள்ளங்கையில் பருப்பு கடைந்து, 'நண்டூருது நரியூருது' என்று விரலை மேலே ஏற்றுங்கள். அக்குளுக்குப் போன பிறகு சிரித்தால் அது வெறும் கிச்சுகிச்சு. விரல் முழங்கையில் இருக்கும்போதே தோளைக் குறுக்கிக்கொண்டு சிரித்தாள் என்றால், அடுத்து நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.

கேள்வி: பேரனுக்கு 14 மாதம். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள். போனை முன்னால் வைத்தால்தான் நாலு வாய் இறங்குகிறது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. "ஆம்பளப் புள்ள, லேட்டாத்தான் வரும்" என்கிறார்கள்.
- ஒரு பாட்டி, சேலம்

பதில்: அம்மா, நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயம். முதலில் போன். பேரன் சிரித்தாலும் அது அதே வேகத்தில் ஓடும், முகத்தைத் திருப்பினாலும் அதே வேகம்தான். 1970-களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் ஒரு சோதனை செய்தார். கொஞ்சிக்கொண்டிருந்த தாயைச் சட்டென்று முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் ஓரிரு நிமிடம் இருக்கச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது, சத்தம் போட்டது, கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிணுங்கியது. பதில் வராத முகத்தை அதனால் தாங்க முடியவில்லை. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. நாலு வாய் குறைந்தால் குறையட்டும், மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய் நிலாவைக் காட்டுங்கள். பிள்ளைத்தமிழில் சப்பாணி கொட்டும் பருவத்துக்கு அப்புறம் அம்புலிப் பருவம் வரும், தெரியுமல்லவா? நிலாவைக் காட்டும்போது நீங்கள் இருவரும் சேர்ந்து ஒன்றைப் பார்க்கிறீர்கள். எந்தப் பொம்மையாலும் இதைக் கற்றுக்கொடுக்க முடியாது.

இரண்டாவது, பேர் சொன்னால் திரும்பாதது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். ஒரு வயதில் திரும்ப வேண்டும். டாட்டா காட்டுகிறானா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா, கையில் கிடைத்ததை உங்களிடம் கொண்டுவந்து காட்டுகிறானா என்று ஒரு வாரம் பாருங்கள். என்ன தெரிந்தாலும் காது பரிசோதனையை முதலில் முடித்துவிடுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள். குழந்தை வளர்ச்சியைப் பார்ப்பதற்கென்றே இருக்கும் மையம், கட்டணம் இல்லை. இது ஆட்டிசம் என்றோ இல்லை என்றோ ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்லமாட்டேன், வேறு யார் சொன்னாலும் நம்பாதீர்கள். "ஆம்பளப் புள்ள" சமாதானத்தைக் கேட்டு ஆறு மாதம் காத்திருந்த குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கேள்வி: 16 மாத மகன் நான் ஆபீஸ் கிளம்பும்போது அழுகிறான். சொல்லாமல் பின்வாசல் வழியாக நழுவிவிடலாமா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: வேண்டாம். சொல்லிவிட்டுப் போனால் அழுவான். நீங்கள் தெருமுனை திரும்புவதற்குள் பெரும்பாலும் நிறுத்தியும் விடுவான். நழுவினால், எப்போது காணாமல் போவீர்கள் என்று தெரியாமல், நீங்கள் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் காலைக் கட்டிக்கொண்டு இருப்பான். என்னிடம் வந்த ஓர் அம்மா ஒரு மாதம் நழுவிப் பார்த்தார். மகன் தினமும் காலையில் அவருடைய செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ள ஆரம்பித்தான். அவனையே செருப்பை எடுத்துவரச் சொல்லுங்கள், போட்டுக்கொண்டு டாட்டா காட்டிவிட்டுக் கிளம்புங்கள் என்றேன். முதல் மூன்று நாள் ஒரு செருப்பை மட்டும்தான் கொண்டுவந்தானாம்.