வாசகர் கேள்விகள்: இங்கிலாந்தின் பண்ணைக்கூலிக் குடும்பங்கள்

கேள்வி: என் மருமகளின் முன்னோர் இங்கிலாந்தில் சஃபோக் பக்கத்துக் கிராமத்தார். 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பத் தலைவர் பெயருக்கு எதிரே ‘ஏஜி லேப்’ என்று இருக்கிறது. அப்படியென்றால் என்ன? அதற்கு முந்தைய தலைமுறையை எப்படித் தேடுவது? (திருச்சி வாசகி)

பதில்: ‘அக்ரிகல்ச்சுரல் லேபரர்’ என்பதன் சுருக்கம்தான் அது. விவசாயக் கூலி. பல கிராமங்களில் பக்கத்துக்குப் பக்கம் இதே தொழில்தான் வரும். முழுதாக எழுதிக்கொண்டிருந்தால் கை விட்டுப்போகும்.

1851-இலிருந்து தொடங்கியது நல்லதாயிற்று. பிறந்த ஊரும் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும் அதில்தான் முதன்முதலாகப் பதிவாயின. 1841-க்குப் போனால் உறவுமுறை இருக்காது. பிறந்தது அதே கவுண்டியிலா (நம் மாவட்டம் போன்றது) என்பதற்கு ஆம், இல்லை என்று மட்டும் இருக்கும். வயதிலும் ஒரு பொறி உண்டு: 15-க்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 34 வயதுக்காரர் 30 என்று நிற்பார். அதை நம்பிப் பிறந்த வருஷத்தைக் கணக்கிட்டால் வேறு யாரையோ தாத்தாவாக்கிவிடுவீர்கள்.

அடுத்து ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு. 1813 முதல் அச்சுப் படிவம் என்பதால் தகப்பனின் தொழிலும் வசிப்பிடமும் இருக்கும். ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதி அல்ல. மூன்று நான்கு பிள்ளைகளை ஒரே நாளில் கூட்டிவந்து முடித்த குடும்பங்களும் உண்டு. செத்துப்போன குழந்தையின் பெயரையே அடுத்ததற்கு வைப்பது சகஜம். அதனால் அடக்கப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். குடும்பப் பெயரை எழுத்துக்கூட்டி அல்ல, ஒலியை வைத்துத் தேடுங்கள். கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டவர்கள் வாயால் சொன்னதை, குருவானவர் தம் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்.

கவுண்டி ஆவணக் காப்பகத்தில் ‘செட்டில்மென்ட் எக்ஸாமினேஷன்’ தாள்கள் இருக்கின்றனவா என்று அவசியம் கேளுங்கள். உதவி கேட்டு வந்த ஏழையை உட்காரவைத்து, எங்கே பிறந்தாய், யாரிடம் எத்தனை மாதம் வேலை பார்த்தாய், என்ன கூலி என்று நீதிபதிகள் சத்தியத்தின்பேரில் விசாரித்து எழுதியவை அவை. கூலியாளின் வாழ்க்கையை அவன் சொன்னபடியே சொல்லும் காகிதம் இதைவிட வேறு கிடைப்பது அரிது.

கேள்வி: எந்த ஊர்க்காரன் என்பதற்கு ஏன் இத்தனை விசாரணை? (மதுரை வாசகர்)

பதில்: ஏழைக்கு அளக்கும் காசு அந்த ஊர் வரியிலிருந்து போனது. 1662 சட்டப்படி, உதவி கேட்க உரிமையில்லாத ஊரில் கையேந்தக்கூடும் என்று பட்டவனைச் சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்பலாம். கல்யாணமாகாத ஆள் ஒரே ஊரில் முழு வருஷம் வேலை பார்த்தால் அங்கே உரிமை வந்துவிடும் என்று பின்னால் விதி வந்தது. உடனே பல பண்ணைக்காரர்கள் 51 வாரத்துக்கு மட்டும் ஆள் வைக்கத் தொடங்கினார்கள்!

ஒரே நிலக்கிழாரின் கையிலிருந்த ஊர்களில் கூலிக்காரர் வீடுகளை இடிக்கவும் செய்தார்கள். குடியிருக்க வீடில்லை என்றால் உரிமையும் இல்லை, வரியும் குறையும். ஆட்கள் பக்கத்து ஊரில் நெருக்கியடித்துக் குடியிருந்து, விடிவதற்குமுன் மைல் கணக்கில் நடந்து வேலைக்கு வந்தார்கள். 1865-இல் இந்தச் செலவைத் தனித்தனி ஊரிடமிருந்து எடுத்து, பல ஊர் சேர்ந்த ‘யூனிய’னின் பொதுக் கணக்கில் போட்ட பிறகுதான் இடிப்பதில் லாபம் இல்லாமல் போனது.

கேள்வி: கூலி எவ்வளவு? (கோவை வாசகர்)

பதில்: ரொட்டியை வைத்துப் பாருங்கள். 1795-இல் பெர்க்‌ஷயர் நீதிபதிகள் ஸ்பீனம்லேண்டில் கூடி ஒரு கணக்குப் போட்டார்கள். ஏறக்குறைய 4 கிலோ எடையுள்ள ‘கேலன்’ ரொட்டி 1 ஷில்லிங் விற்றால், வாரத்துக்கு ஆணுக்கு 3 ஷில்லிங், மனைவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்றரை ஷில்லிங் தேவை. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் என்றால் 9 ஷில்லிங். 1834-இல் டார்செட்டின் டால்படில் கிராமத்தில் கூலி 7 ஷில்லிங்குக்கு இறங்கியிருந்தது. ரொட்டி விலை ஏறவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 2 ஷில்லிங் துண்டு விழுகிறது. சங்கம் சேர்ந்த ஆறு பேரை, ரகசிய சத்தியம் செய்தார்கள் என்று சொல்லி ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

கேள்வி: வீட்டுக்கொரு பன்றி வளர்த்தார்களாமே? ஃபிரிட்ஜ் இல்லாமல் கறியை எப்படி வைத்திருந்தார்கள்? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: வசந்தத்தில் குட்டி வாங்கிக் கழுநீர், பொடி உருளைக்கிழங்கு, களைச்செடி என்று வளர்ப்பார்கள். கடைசி வாரங்களில் கொழுக்கவைக்க பார்லி மாவு. அதை மாவு மில்லில் கடனாக வாங்கிவிட்டு, பாதிப் பன்றியைக் கடனுக்கே கொடுத்தவர்களும் உண்டு.

அறுப்பது குளிர்காலத்தில்தான். வைக்கோலைக் கொளுத்தி மயிரைப் பொசுக்கிச் சுரண்டுவார்கள். விலாப் பக்கத்தையும் தொடையையும் உப்பும் கொஞ்சம் வெடியுப்பும் சேர்த்து அழுத்தித் தேய்த்து, தொட்டியில் அடுக்கி, சில நாளுக்கொரு முறை புரட்டி மறுபடி தேய்க்க வேண்டும். விலாவுக்கு மூன்று நான்கு வாரம். தொடை கனமானது, இன்னும் கூடுதலாகும். கெடுவதும் தொடைதான். மேலே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே எலும்பை ஒட்டி நாறும். உப்பு எலும்புவரை இறங்குவதற்குள் அங்கே அழுகல் தொடங்கிவிடுவதே காரணம். அதனால் முதலிலேயே எலும்பையொட்டிய ரத்தக்குழாயைக் கட்டைவிரலால் அமுக்கி மிச்ச ரத்தத்தைப் பிதுக்கி எடுத்துவிட்டு, மூட்டைச் சுற்றி உப்பைத் திணிப்பார்கள்.

கேள்வி: வேலை போனால் வீடும் போய்விடுமா? (சேலம் வாசகர்)

பதில்: ஆமாம். ‘டைட் காட்டேஜ்’ என்பார்கள். வேலையோடு கட்டிப்போட்ட வீடு. மாட்டுக்காரர், குதிரைக்காரர், மேய்ப்பர் போன்றோருக்கு, கால்நடை பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதால் பெரும்பாலும் இந்த வீடுதான். அவர் இறந்தால், அடுத்து வரும் ஆளுக்காக மனைவி வீட்டைக் காலிசெய்ய வேண்டியிருந்தது. 1976 சட்டம் இதை மாற்றியது: கடைசி 104 வாரங்களில் 91 வாரம் முழுநேர விவசாய வேலை பார்த்தவருக்குப் பாதுகாப்பு. உரிமை மனைவிக்கும் தொடரும். பண்ணைக்கு வீடு தேவைப்பட்டால், அவருக்கு வேறு வீடு தரச் சொல்லி உள்ளாட்சியிடம் பண்ணைக்காரர்தான் மனுப் போட வேண்டும்.