சொந்த ஊரை இழந்த வீரர்

கேள்வி: இத்தாலியை ஒன்றாக்கப் போரிட்ட கரிபால்டிக்குக் கடைசியில் என்னதான் கிடைத்தது?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கிடைப்பதாவது! இருந்த ஊரும் போயிற்று. 1807ல் அவர் பிறந்தது நீஸ் நகரில். ஆஸ்திரியாவுக்கு எதிராகப் பிரான்ஸ் படை அனுப்பியதற்குக் கைமாறாக, அந்த நீஸையே 1860ல் தூக்கிக் கொடுத்துவிட்டார் வடமேற்கு இத்தாலியில் இருந்த பியட்மான்ட் அரசின் பிரதமர் கவூர். கரிபால்டி கொதித்துப்போனார். ஆனாலும் வீட்டில் முடங்கவில்லை. அதே ஆண்டு மே மாதம், ஆயிரத்துச் சொச்சம் தொண்டர்களை இரண்டே கப்பல்களில் ஏற்றிக்கொண்டு சிசிலியில் போய் இறங்கினார். சீருடை, சிவப்புச் சட்டை. உருகுவேயில் போரிட்ட காலத்திலேயே தொற்றிக்கொண்ட பழக்கம் அது. கசாப்புக் கூடத் தொழிலாளர்களுக்காகத் தைத்த சட்டைகள் அங்கே மலிவாகக் கிடைத்தனவாம். ரத்தக் கறை தெரியாதல்லவா!

செப்டம்பரில் நேப்பிள்ஸும் கைக்கு வந்தது. பிடித்ததையெல்லாம் பியட்மான்ட் மன்னர் இரண்டாம் விக்டர் இம்மானுவேலிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு மூட்டை விதைத் தானியத்தோடு கப்ரேரா தீவுக்கு விவசாயம் செய்யப் போய்விட்டார் மனிதர். எனக்கு அந்த மூட்டைதான் பிடித்திருக்கிறது. மன்னரோ, 1861ல் ஒன்றுபட்ட இத்தாலிக்கு முதல் மன்னரான பிறகும் 'இரண்டாம்' என்ற பழைய எண்ணை விடவில்லை. புது நாடு பிறந்ததாக அவர் நினைக்கவில்லை போலும், பியட்மான்ட் கொஞ்சம் பெருத்துவிட்டது, அவ்வளவுதான். நீஸ் இன்றும் பிரான்சில்தான் இருக்கிறது.