பெங்களூரில் இரண்டடி தொட்டியில் ஆஸ்கர் மீன் வளர்க்கலாமா?

கேள்வி: சிவாஜிநகரில் விரல் நீள ஆஸ்கர் குட்டிகள் இரண்டு வாங்கி, இரண்டடி தொட்டியில் விட்டிருக்கிறேன். இதே தொட்டி போதுமா? பெங்களூர் குளிருக்கு ஹீட்டர் வேண்டுமா?

போதாது. சில மாதம் ஓட்டலாம், அவ்வளவுதான். இது அமேசான் ஆற்றுப் பகுதி மீன். ஒரு வருடத்திலேயே 10 அங்குலத்தை நெருங்கிவிடும். அப்புறம் அந்தத் தொட்டியில் திரும்பக்கூட இடமிருக்காது. ஒரு மீனுக்கே நான்கடி தொட்டி, சுமார் 240 லிட்டர் தண்ணீர் வேண்டும். வாடகை வீடென்றால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10 வருடத்துக்கு மேல் இருக்கும்.

தொட்டியைவிட நான் அதிகம் கவலைப்படுவது தண்ணீரைப் பற்றித்தான். ஆஸ்கர் நிறையத் தின்னும், கழிவும் அதற்கேற்ப சேரும். அதிலிருந்து வரும் அமோனியாதான் முதல் எதிரி. அதை நஞ்சு குறைந்த பொருளாக மாற்றும் பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள்; பிறகு வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு போதும். பஞ்சைக் குழாயடியில் கழுவவே கழுவாதீர்கள், குளோரின் பட்டால் பாக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். குழாயில் வரும் காவிரித் தண்ணீருக்கு ஆன்டி குளோரின் சொட்டு கட்டாயம். டேங்கர் தண்ணீர் லோடுக்கு லோடு மாறும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்க வேண்டும்.

தண்ணீர் மாற்றியதும் என் ஆஸ்கர் மூலையில் போய் ஒருக்களித்துப் படுத்துவிடும். நிறம் மங்கிப்போகும், ஒரு கண் மட்டும் என் கையையே பின்தொடரும். புதிதாக வளர்ப்பவர்கள் செத்துவிட்டதென்று பதறுவார்கள். கோபம்தான் அது, சில மணி நேரத்தில் எழுந்து தீனி கேட்கும். ஆனால் செவுள் படபடவென்று அடித்தாலோ, மேலே வந்து வாய் பிளந்தாலோ உடனே தண்ணீரைச் சோதியுங்கள்.

ஹீட்டர் வேண்டும். இங்கே டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் வெப்பம் 15 டிகிரிக்கு இறங்கும்; ஆஸ்கருக்கு 24 முதல் 27 வேண்டும். நான்கடி தொட்டிக்கு 300 வாட் சரியாக இருக்கும். பிளாஸ்டிக் உறை போட்டதாக வாங்குங்கள், வெறும் கண்ணாடிக் குழாயை இடித்தே உடைத்துவிடும்.

தீனியாக உயிருள்ள கோல்டுஃபிஷ் போடச் சொன்னால் கேட்காதீர்கள். நோய் வரும், தொடர்ந்து கொடுத்தால் வைட்டமின் பி1 குறையும். நல்ல பெல்லட் (கடையில் கிடைக்கும் உருண்டைத் தீனி), இடையிடையே உப்பில்லாத இறால் துண்டு, மண்புழு கொடுங்கள். வளர்ந்த மீனுக்கு நாளுக்கு ஒருவேளை போதும்.

வளர்க்க முடியாமல் போனால் தயவுசெய்து அல்சூர் ஏரியில் விட்டுவிடாதீர்கள், அங்கிருக்கும் சின்ன மீன்களைத் தின்றுவிடும். பெரிய தொட்டி வைத்திருப்பவர் யாருக்காவது கொடுங்கள்.