வீல் ஸ்பேனரை ஏன் இரும்புக் கடையில் போட்டார்?

கேள்வி: என் மகனுக்கு 29 வயது. ஐ.டி. வேலை. கோபம் வந்தால் தாங்க மாட்டான், மற்றபடி தங்கமான பிள்ளை. போன மாதம் காளவாசல் சிக்னலில் ஓர் ஆட்டோ அவன் காரை உரசிவிட, வாய்ச்சண்டை முற்றி, டிக்கியில் இருந்த வீல் ஸ்பேனரால் அந்த டிரைவரை அடித்துவிட்டான். மணிக்கட்டு எலும்பு முறிவாம். போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டது. பையனை மானாமதுரையில் என் தம்பி வீட்டில் விட்டிருக்கிறோம். ஸ்பேனரை இவர் மறுநாளே பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார். மகன் ஆஸ்திரேலியா போவதாக இருக்கிறது. பணம் கொடுத்துப் பேசி முடித்துவிடலாமா?
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: அம்மா, மகன் கதையை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த இரும்புக் கடை. ஏதோ பழைய வாளியைப் போட்ட மாதிரி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அடித்த ஆயுதத்தை, கேஸ் ஆகும் என்று தெரிந்தே, ஒரு தகப்பன் கையோடு எடுத்துப் போய் ஒழித்திருக்கிறார். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 238ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. இந்த மாதிரி வழக்கில் 3 ஆண்டு வரை சிறை. பையனை ஒளித்து வைத்ததற்கு 249ஆம் பிரிவு, அதிலும் 3 ஆண்டு வரை போகலாம். அந்தப் பிரிவில் கணவன் மனைவிக்கு மட்டும்தான் விலக்கு. அப்பாவுக்குக் கிடையாது, தாய்மாமனுக்கும் கிடையாது. ஆக, ஒரு பிள்ளையின் கோபத்துக்கு உங்கள் வீட்டில் இப்போது மூன்று ஆண்கள் மாட்டும் நிலைமை, இதில் உங்கள் தம்பி செய்த பாவம் என்ன?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இது உங்கள் வீட்டுக்காரர் துடைத்துவிட்ட முதல் அழுக்கா? பள்ளிக்கூடத்தில் அடிதடி, பைக்கில் போய் யாரையாவது இடித்தது, இதற்கெல்லாம் முன்னால் போய் நின்று கையில் காலில் விழுந்து பேசி முடித்தது யார்? பிள்ளை தப்பு செய்தால் கையைப் பிடித்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய் ‘இவன்தான் செய்தான், நானும் கூட இருக்கிறேன்’ என்று நிற்பதுதான் அப்பன் வேலை. எனக்கு இதில் இரண்டு அபிப்பிராயம் கிடையாது.

இப்போது மகன். வெறுங்கையால் அடித்து லேசான காயம் என்றால் 115(2), ஓராண்டு வரை. எலும்பு முறிந்தாலே சட்டப்படி அது கொடுங்காயம். அதையும் இரும்பால் செய்தால் 118(2), குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஆயுள். எஃப்.ஐ.ஆரில் இப்போது சின்னப் பிரிவாக இருந்தாலும், பெரியாஸ்பத்திரியிலிருந்து எக்ஸ்ரேயும் காயச் சான்றும் வந்ததும் பிரிவை மாற்றிவிடுவார்கள். ஆத்திரத்தில் கை ஓங்கிவிட்டது என்று சொல்லவும் வழியில்லை பாருங்கள், காரை விட்டு இறங்கி, பின்னால் நடந்து, டிக்கியைத் திறந்து, ஸ்பேனரைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறான், அவ்வளவு நேரம் இருந்தது அவனுக்கு.

கையால் அடித்தவர்களே தப்பவில்லை. 1988 டிசம்பரில் பாட்டியாலாவில் வண்டி நிறுத்தியதில் வந்த தகராறில் 65 வயதுக்காரர் ஒருவர் இறந்தார். கிரிக்கெட் வீரராக இருந்து அரசியலுக்கு வந்த நவ்ஜோத் சிங் சித்து மேல் வழக்கு. நடுவில் விடுதலை, அப்புறம் தண்டனை, 2018இல் வெறும் ஆயிரம் ரூபாய் அபராதம் என்றெல்லாம் போய், கடைசியில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஓராண்டு சிறை என்றது. உடல் வலுவுள்ளவனின் கையே ஆயுதமாகலாம் என்றும் சொன்னது. முப்பத்துமூன்று வருஷம் கழித்து ஒரு மனிதர் ஜெயிலுக்குப் போனார். உங்களுக்கு ஆஸ்திரேலியா கவலை. வழக்கு கோர்ட்டில் நிலுவைக்கு வந்துவிட்டால் பாஸ்போர்ட் வாங்கவே கோர்ட் அனுமதி வேண்டியிருக்கும், விசா விண்ணப்பத்திலும் கேட்பார்கள்.

பேசி முடிக்கலாமா என்றால், 118(2)ஐ ஸ்டேஷனில் உட்கார்ந்து முடிக்க முடியாது, மாஜிஸ்திரேட் முன்னாலும் சமரசம் செய்துகொள்ள முடியாது. இரண்டு தரப்பும் ஒத்துப்போனால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரத்து கேட்கலாம். கொடுப்பதும் கொடுக்காததும் நீதிபதி கையில். ஆனால் அந்த டிரைவருக்கு ஆஸ்பத்திரிச் செலவும், வண்டி ஓட்டாத நாட்களின் வருமானமும் கொடுத்தே ஆக வேண்டும், கேஸ் எப்படிப் போனாலும். வலது கையா இடது கையா, அவர் வீட்டில் எத்தனை பேர் சாப்பிட வேண்டும், ஒன்றும் நீங்கள் எழுதவில்லை. விசாரித்ததாகவும் தெரியவில்லை. நேரில் நீங்கள் யாரும் அவர் வீட்டுக்குப் போகாதீர்கள், சாட்சியை மிரட்டினார்கள் என்று அது தனியாகக் கிளம்பும். வக்கீல் மூலமாகச் செய்யுங்கள்.

கிரிமினல் பக்கம் பழக்கமுள்ள வக்கீலாகப் பாருங்கள், கல்யாண வீட்டில் அறிமுகமான சிவில் வக்கீல் வேண்டாம். ஸ்பேனர் விஷயத்தை அவரிடம் உங்கள் வீட்டுக்காரரே வாயைத் திறந்து சொல்ல வேண்டும், எந்தக் கடை என்பதோடு. தம்பிக்கு இன்றைக்கே போன் போட்டுப் பையனை மதுரைக்கு வரச் சொல்லுங்கள். முன்ஜாமீனா சரணடைவதா என்பதை வக்கீல் சொல்வார்.