தண்ணீர் பளிச்சென்று இருந்தும் மீன் ஏன் செத்தது?

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகன் கேட்டான் என்பதற்காக 150 லிட்டரில் கடல் மீன் தொட்டி வைத்தோம். மூன்று நாள் பம்ப் ஓடினால் தண்ணீர் ரெடி என்று கடையில் சொன்னார்கள். நாலாம் நாள் இரண்டு கோமாளி மீன் விட்டோம். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஆறாம் நாள் காலையில் இரண்டும் செத்துக் கிடந்தன. தண்ணீர் இன்னும் கண்ணாடி மாதிரிதான் இருக்கிறது. பையன் அழுதபடி இருக்கிறான்.
- வாசகி, தூத்துக்குடி

பதில்: அம்மா, முதலில் பையனிடம் சொல்லுங்கள், அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை. 2011-இல் என் முதல் தொட்டியிலும் இதேபோல மூன்று மீன்களை இழந்தேன். வலையில் அள்ளி எடுத்தபோது செவுள் செக்கச்செவேல் என்று இருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். புதுத் தொட்டியில் இந்த இரண்டு கூட்டமும் இல்லை. கழிவு அப்படியே தேங்கிவிடும், கண்ணுக்கோ ஒன்றும் தெரியாது. கடல்நீரின் பி.எச். (அமில-கார அளவு) 8.2 வாக்கில் இருப்பதால், அதே அளவு அம்மோனியா நன்னீர்த் தொட்டியைவிட இங்கே பல மடங்கு விஷம். உங்கள் மீன்கள் அப்படி வாயைத் திறந்து மூடியதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

தொட்டியைக் கலைக்க வேண்டாம். அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளக்க, சொட்டு மருந்து போல வரும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். மீன் கடையில் ஒரே ஒரு இறால் வாங்கி, கொசுவலைத் துணியில் முடிந்து தண்ணீரில் தொங்கவிடுங்கள். மூன்றாம் நாள் நாற்றம் வரும், இறாலின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை படரும். பயப்படாதீர்கள், பாக்டீரியாவுக்குச் சோறு அதுதான். அம்மோனியா 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) தொட்டதும் முடிச்சை எடுத்துவிடுங்கள். பிறகு மஞ்சளிலிருந்து பச்சைக்குப் போன அம்மோனியா டெஸ்ட் குழாய் மெல்ல மஞ்சளுக்குத் திரும்பும். அதற்குள் நைட்ரைட் குழாய் வான நீலத்திலிருந்து கத்தரிப்பூ நிறத்துக்கு ஏறியிருக்கும்.

பெரும்பாலானவர்கள் பொறுமை இழப்பது இங்கேதான். எனக்கு அந்தக் கத்தரிப்பூ நிறம் 23 நாள் இறங்கவே இல்லை. தினமும் சாயங்காலம் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். இறங்கியது ஒரே இரவில். நடுவில் மணல் மேல் பழுப்பாக ஒரு படலம் வரும், அதுவும் வழக்கமானதுதான்.

மொத்தம் நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். கடைசியாக ஒரு சோதனை: அம்மோனியம் குளோரைடு கரைசலால் மறுபடி 2 பி.பி.எம். ஆக்குங்கள். 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் ஆனால்தான் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, ஒரு ஜோடி மீன் மட்டும் விடுங்கள். பண்ணையில் பிறந்த கோமாளி மீனாகக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்தில் அதைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை என்றோ உருவாக்கிவிட்டார்கள். கடலில் பிடித்ததைவிடச் சீக்கிரம் தீனி எடுக்கும்.

அந்த ஆறு வாரமும் டெஸ்ட் எடுக்கும் வேலையைப் பையனிடமே கொடுங்கள். நோட்டில் தேதி போட்டு எழுதட்டும்.

கேள்வி: நம்ம ஊர் உப்பளத்து உப்பு மலிவு. அதையே கரைத்தால் என்ன?
- அதே வாசகி

பதில்: வேண்டாம். பாத்தியில் தண்ணீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்து முதலில் ஜிப்சமாகப் படிந்துவிடுகிறது. மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் உப்பு வாரியபின் மிஞ்சும் தண்ணீரோடு போய்விடுகிறது. கைக்கு வருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், அது சமையலுக்குச் சரி. தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்பை ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராமுக்குச் சற்று மேலாகக் கரைத்து, ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பின் அளவைக் காட்டும் கருவி) அடர்த்தி 1.025 வருகிறதா பாருங்கள்.

கேள்வி: கரையில் ஒதுங்கும் பவளக் கல்லைத் தொட்டியில் வைக்கலாமா?
- வாசகர், கீழக்கரை

பதில்: கூடவே கூடாது. பவளத்துக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பு உண்டு, செத்த துண்டுக்கும் சேர்த்துத்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். துளை நிறைந்த செயற்கைக் கல் கிடைக்கிறது, அதிலும் பாக்டீரியா நன்றாகவே குடியேறும்.

கேள்வி: தொட்டியில் தண்ணீர் குறைந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றலாமா?
- வாசகர், மதுரை

பதில்: ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். அதனால் வெறும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். சித்திரை வெயிலில் தினமும் பார்த்து ஊற்ற வேண்டியிருக்கும்.